ஸ்மிஜன் என்றால் எவ்வளவு?

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கச் சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அடுப்பு மூட்டுபவர்களை அடிக்கடி நிறுத்திவைக்கும் சொல் ‘ஸ்மிஜன்’. அகராதியைப் புரட்டினால் ‘மிகச் சிறிய அளவு’ என்று போட்டிருக்கும். சரி, பேச்சு வழக்குச் சொல்தானே என்று விட்டுவிட்டு அளவுக் கரண்டிக் கட்டு ஒன்றை வாங்கினால், அதில் ஆகச் சிறிய கரண்டிகளுள் ஒன்றின் காம்பில் அதே சொல்லைப் பொறித்திருப்பார்கள். அந்தக் கரண்டிக்குத் திட்டமான அளவு உண்டு: டீஸ்பூனில் 32இல் ஒரு பங்கு. ஆக ஒரே சொல் ஓரிடத்தில் ‘கொஞ்சூண்டு’, இன்னோரிடத்தில் 0.16 மி.லி. எது எங்கே என்று தெரியாமல் போட்டால் சில பண்டங்களில் ஒன்றும் ஆகாது. சிலவற்றில் சட்டியோடு கொட்டவேண்டி வரும்.

முதலில் சொல்லை முடித்துவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ஆங்கிலத்தில் அச்சில் தலைகாட்டிய சொல் இது. ‘ஸ்மிட்ச்’ என்ற பழைய சொல் திரிந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. எழுத்துக்கூட்டல் மூன்று விதமாகப் புழங்குகிறது. கடைசி அசையில் ‘இ’, ‘எ’, ‘எ-ஓ’ என்று எதைப் போட்டாலும் உச்சரிப்பு ஒன்றுதான்: ஸ்மிஜன், அழுத்தம் முதல் அசையில். பேச்சில் இன்னும் சுருக்கி ‘ஸ்மிஜ்’ என்பார்கள்.

‘எ ஸ்மிஜன் ஆஃப்’ என்று வந்தால் பின்னால் எண்ண முடியாத பொருள்தான் வரும்: உப்பு, பால், வெண்ணெய், பொறுமை, சந்தேகம். ‘எ ஸ்மிஜன் ஆஃப் ஆனியன்ஸ்’ என்று பன்மை போட்டால் காதுக்கு ஒட்டாது. ‘ஆஃப்’ இல்லாமலும் வரும்: படத்தை எ ஸ்மிஜன் இடப்பக்கம் நகர்த்து; சட்டை எ ஸ்மிஜன் பெரிது. தேநீருக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டால் ‘ஜஸ்ட் எ ஸ்மிஜன்’ என்று சொல்லித் தப்பலாம். எதிர்மறையில் வந்தால் சொல் திடீரென்று கனத்துவிடும். 2014 பிப்ரவரியில், சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தன்று தந்த தொலைக்காட்சிப் பேட்டியில், அமெரிக்க வரித்துறை விவகாரத்தில் ஒரு ஸ்மிஜன் ஊழல்கூட இல்லை என்றார் அப்போதைய அதிபர் ஒபாமா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கட்சியினர் வெகுநாள் பேசினார்கள். ‘பெரிய தப்பு இல்லை’ என்பதற்கும் ‘இம்மியும் இல்லை’ என்பதற்கும் உள்ள தூரம் அதுதான். தமிழிலும் உடன்பாட்டில் வேறு சொல், எதிர்மறையில் வேறு சொல். ‘துளி உப்பு போடு’ என்போம், ‘இம்மி உப்பு போடு’ என்று யாரும் சொல்வதில்லை. இம்மி, எள்ளளவு, அணுவளவு எல்லாம் ‘உம்’ சேர்த்துக்கொண்டு ‘இல்லை’யோடுதான் வரும். இடம் நகர்த்துவது என்றால் நூலளவு. பேச்சுக்கும் நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும். ஒப்பந்தம், ஆய்வறிக்கை, மருந்துச் சீட்டு மூன்றிலும் வேண்டாம்.

சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பவர்கள் ஸ்மிஜனைச் ‘சிட்டிகை’ என்று போட்டுவிடுகிறார்கள். சிட்டிகை என்பது ‘பிஞ்ச்’. கரண்டிக் கணக்கில் ஸ்மிஜன் அதில் பாதி.

அந்தக் கணக்கு முழுவதும் பாதியாக்கிக்கொண்டே போவதுதான். கால் டீஸ்பூனுக்கு ‘டேட்’ என்று பெயர். அதில் பாதி ‘டேஷ்’, 1/8. அதில் பாதி பிஞ்ச், 1/16. அதில் பாதி ஸ்மிஜன், 1/32. சில கட்டுகளில் அதற்கும் கீழே ‘டிராப்’ என்று 1/64 கரண்டி ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் இவற்றின் பெயர்களுக்குள் எந்த உறவும் இல்லாததால் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். தமிழ்க் கீழ்வாய் எண்கள் தெரிந்தவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது: கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம். அதே ஐந்து படிகள், பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ஸ்மிஜன் என்பது அரைவீசம் டீஸ்பூன், அவ்வளவுதான். குறிப்பேட்டின் ஓரத்தில் இப்படி எழுதிவைத்துக்கொண்டால் மறக்காது.

மில்லிலிட்டரில் சொன்னால், 5 மி.லி. டீஸ்பூனுக்கு டேட் 1.25, டேஷ் 0.63, பிஞ்ச் 0.31, ஸ்மிஜன் 0.16, டிராப் 0.08. இவற்றை எந்தத் தர நிர்ணய அமைப்பும் வகுக்கவில்லை. கரண்டி செய்பவர்கள் தங்களுக்குள் ஏறக்குறைய ஒத்துப்போகிறார்கள், அவ்வளவே. பிஞ்ச்சை 1/8 என்று போடும் புத்தகங்களும் உண்டு. காக்டெயில் கலப்பவர்களின் டேஷ் வேறு கணக்கு. பிட்டர்ஸ் (காக்டெயிலில் சேர்க்கும் கசப்புச் சாறு) குப்பியை ஒருமுறை உதறினால் விழுவது 0.8, 0.9 மி.லி. வரும். ஆகவே குறிப்பு எழுதியவர் எந்தக் கரண்டியை மனத்தில் வைத்தார் என்பதைக் குறிப்பே சொல்லவில்லை என்றால், பண்டத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல். இங்கே 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியபோது தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி அதிகாரபூர்வமானது. உள்ளூர்ச் சமையல் புத்தகத்தில் அரை மில்லிலிட்டர் ‘0,5’ என்று இருக்கும். கால் டீஸ்பூன் ‘1,25’. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களின் கண் அந்தக் காற்புள்ளியைத் தாண்டிப் போய்விடும். மங்கலான நகலாக இருந்தால் சொல்லவே வேண்டாம், 0,5 மி.லி. பைகார்ப் (சமையல் சோடா) 5 மி.லி. ஆகிவிட்டால் பத்து மடங்கு. அந்தக் கேக்கை நாய்கூட முகராது. ஆஃப்ரிகான்ஸ் குறிப்புகளில் ‘டீலேபல்’ டீஸ்பூன், ‘ஏட்லேபல்’ மேசைக்கரண்டி, சிட்டிகைக்குக் ‘க்னிப்பி’. பழைய புத்தகங்களில் மேசைக்கரண்டியை 12,5 மி.லி. என்று காணலாம், இப்போது 15. சிற்றளவுக்கு இது பெரிதில்லை, ஆனால் குறிப்பைப் பத்து மடங்காக்கும்போது உதைக்கும்.

உள்ளூர்க் கட்டுகள் பலவற்றில் 1 மி.லி. கரண்டி உண்டு. அமெரிக்கக் கட்டில் அது கிடையாது. இந்த விஷயத்தில் நம் கட்டுதான் மேல். அதை வைத்தே ஸ்மிஜனை எடுக்கலாம். பொடியை 1 மி.லி. கரண்டியில் அள்ளி, அழுத்தாமல், கத்தியின் முதுகால் மட்டமாக வழிக்கவும். வழவழப்பான காகிதத்தில் கொட்டி, கத்தியால் நீளவாக்கில் ஒரே கனத்தில் பட்டையாக இழுக்கவும். குவியலைப் பாதியாக்குவதில் கண் ஏமாறும். பட்டையைப் பாதியாக்குவதில் அவ்வளவு ஏமாறாது. பட்டையின் நடுவில் வெட்டி ஒரு பாதியை ஒதுக்கி, மிச்சத்தை மறுபடி பட்டையாக்கி வெட்டி, இன்னும் ஒருமுறை அப்படியே செய்தால் கையில் நிற்பது 0.125 மி.லி. ஸ்மிஜனைவிட ஒரு நூல் குறைவு. சமையலுக்குக் குறைவாக இருப்பது நல்லதுதான். கால் டீஸ்பூனிலிருந்து தொடங்கினாலும் அதே மூன்று வெட்டு. அப்போது சரியாக 1/32 வரும். நான்காவது முறை வெட்டாதீர்கள். அந்த அளவில் காகிதத்திலும் கத்தியிலும் ஒட்டிக்கொள்வதே பெரிய பங்காகிவிடும்.

ஈரக்கையோடு இதில் இறங்கக் கூடாது. நீராவி வரும் சட்டிக்கு மேல் கரண்டியைப் பிடிப்பதும் அதே தப்பு. டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் பெருங்காயத்தூளும் தூள் உப்பும் டப்பாவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் கட்டிக்கொள்ளும். கட்டியை உதிர்க்காமல் அளந்தால் கரண்டியில் பாதி காற்று, பாதி கட்டி.

திரவமானால் கரண்டியை விட்டுவிட்டு ஃபார்மசியில் கிடைக்கும் 1 மி.லி. சிரிஞ்சை எடுங்கள். 0.01 வரை கோடு இருக்கும். ரோஸ் எசென்ஸ், தாழம்பூ எசென்ஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் நியாயம். சொட்டுக் கணக்கில் நீர்த்த திரவம் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 20 சொட்டு, ஆக ஸ்மிஜன் மூன்று சொட்டு. எண்ணெய், சாராயச் சேர்மானமுள்ள எசென்ஸ் இவற்றின் சொட்டு வேறு பருமனில் விழும் என்பதால் அங்கே சொட்டை நம்ப வேண்டாம்.

எடைக்கு வருவோம். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் என்றால் ஸ்மிஜன் 0.19 கிராம். பைகார்ப் 0.15 அளவில் நிற்கும், மஞ்சள்தூள் 0.1 கிராமை ஒட்டி. 1 கிராம் படியில் காட்டும் வீட்டுத் தராசில் இவை எதுவும் தெரியாது. இன்னொன்று: பல தராசுகள், தட்டில் மிக மெதுவாகத் தூவினால் அந்த மாற்றத்தைத் தங்கள் பூச்சியத் தள்ளாட்டம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். தூவிக்கொண்டே இருப்பீர்கள், எண் அசையாது. அரை கிராம் விழுந்திருக்கும். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு இருந்தால்கூட, கிண்ணத்தை வெளியே வைத்துத் தூவி, பிறகு ஒரேயடியாகத் தட்டில் வைத்துப் பாருங்கள்.

இனி பண்டம். எதைப் பிறகு திருத்த முடியுமோ அதில் ஸ்மிஜன் வெறும் பேச்சு. எதைத் திருத்த முடியாதோ அதில் அது அளவு. இதைத் தாண்டி வேறு விதி தேவையில்லை.

உப்பு திருத்தக்கூடியது. விரலால் போட்டு நாக்கால் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேர்ந்து கிள்ளினால் ஒரு அளவு, நடுவிரலும் சேர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்கு. ஆளுக்கு ஆள் விரல் வேறு. ஆயா கை அளவு ஆயாவுக்குத்தான் பொருந்தும். கல்லுப்பை இடித்துப் போடுகிறீர்கள் என்றால் அதே கரண்டியில் எடை குறைவாகவே வரும், சில வகைகளில் பாதிதான். நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகச் சுகாதார அமைப்பு. ஸ்மிஜன் கரண்டியில் அது 26 தடவை. தட்டில் சோற்றின் மேல் தூவும் பழக்கமுள்ளவர்கள் ஒருநாள் அந்தக் கரண்டியால் தூவிப் பார்க்கலாம்.

பைகார்ப் திருத்த முடியாதது. சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) கறிக்கு, பழைய பீன்ஸ் வேகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, ஊறிய 250 கிராமுக்கு ஒரு ஸ்மிஜன் போதும், மிஞ்சிப்போனால் வீசம். காரத்தன்மை ஏறியதும் தோலையும் சதையையும் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் கரைகிறது, அதனால் பீன்ஸ் சீக்கிரம் மெத்தென்று ஆகிறது. கூடிப்போனால் அதே காரணத்தால் தோல் தனியாகக் கழன்று, உள்ளே கூழாகி, வாயில் சவுக்காரச் சுவை நிற்கும். தக்காளி, புளி ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. புளிப்பு காரத்தன்மையை முறிக்கும். குழைந்த பீன்ஸ் குழைந்ததுதான். தையமின் என்ற பி1 வைட்டமினும் காரத்தில் அழிகிறது. ஆகவே முந்தின இரவே ஊறவைக்க முடிந்தால் சோடாவே வேண்டாம் என்பது என் கட்சி.

சில்லி பைட்ஸ் (பஜ்ஜி மாதிரிப் பலகாரம்) மாவில் சோடா செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்கே தெரியும். கடலைமாவோடு மஞ்சள்தூளும் போட்டிருப்போம். சோடா ஒழுங்காகக் கலக்காமல் ஓரிடத்தில் கட்டியாக நின்றால் அங்கே மட்டும் மாவு செங்காவி நிறமாகப் பொட்டு வைக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதே வேதியல். சிவப்புப் பொட்டைப் பார்த்தால் மிளகாய்த்தூள் என்று நினைக்காமல் இன்னும் அடித்துக் கலக்குங்கள். புளிப்புத் தயிர் ஒரு கரண்டி சேர்த்தால் நிறம் திரும்பும். பேக்கிங் பவுடர் கேட்கும் குறிப்பில் பைகார்ப்பை அதே அளவு போடுவதும் பொதுவான தப்பு. பைகார்ப் மூன்று நான்கு மடங்கு வீரியம். அரை டீஸ்பூன் பவுடர் கேட்டால் அரைக்கால் டீஸ்பூன் சோடா, அதுவும் மாவில் புளிப்பு இருந்தால்.

பெருங்காயம் இரண்டு வகை. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் டப்பாவில் வரும் மஞ்சள் தூள் பெரும்பாலும் மாவு கலந்தது. கோதுமை மாவாக இருக்கலாம், குளூட்டன் ஆகாதவர்கள் லேபிளைப் படிக்க வேண்டும். கட்டிப் பெருங்காயம் பிசின், கலப்பு குறைவு. ரசத்துக்கு ஸ்மிஜன் என்று ஒரு குறிப்பு சொன்னால் அது தூளா கட்டியா என்று முதலில் பாருங்கள். கட்டியாக இருந்தால் பச்சைப் பயறு பருமனில் கிள்ளி வெந்நீரில் கரைத்து, கரைசலில் ஒரு டீஸ்பூன் ஊற்றுவது கைவசம் நிற்கும். எண்ணெயில் போடும்போது எண்ணெய் சூடேறியிருக்க வேண்டும். பச்சையாக நின்றால் கசப்பும் நாற்றமும் போகாது.

கிராம்புத்தூள், ஜாதிக்காய்த்தூள் இரண்டும் பர்ஃபியில் ஸ்மிஜனைத் தாண்டினால் இனிப்பு மருந்துக்கடை வாசம் அடிக்கும். கிராம்பின் யூஜினால் நாக்கை மரக்கச் செய்வது. பல்வலிக்கு வைப்பது அதனால்தான். ஜாதிக்காயைக் கரண்டி கரண்டியாகத் தின்றால் மயக்கமும் படபடப்பும் வரும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஏலக்காய் பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளும்.

ப்ரியாணிக்கும் இனிப்புக்கும் போடும் ‘எக் யெல்லோ’ நிறப்பொடிக்கு ஸ்மிஜன்கூட அதிகம். கத்தி நுனியில் ஒட்டுவதை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரை அரிசியின் மேல் வரிவரியாகச் சுற்றி ஊற்றினால் போதும். பொடியாகத் தூவினால் ஒரு பருக்கை ஆரஞ்சு, பக்கத்துப் பருக்கை வெள்ளை, தின்பவர் விரல் மூன்று நாளைக்கு மஞ்சள். குங்குமப்பூ விலைக்கு, இழை எண்ணிப் போடுவதே நாணயம். சிட்டிகைச் சர்க்கரையோடு நுணுக்கி இளஞ்சூட்டுப் பாலில் 20 நிமிடம் ஊறவிட்டால் பாதி இழையிலேயே நிறம் இறங்கும்.

எதுவானாலும் சிற்றளவைப் பேரளவில் நேரே கொட்டக் கூடாது. அதே அளவு மாவை எடுத்து முதலில் அதோடு கலக்கவும். இப்போது இரண்டு மடங்கானதோடு மறுபடி அதற்குச் சமமான மாவு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் ஒன்பது பத்துத் தடவையில் ஒரு ஸ்மிஜன் பொடி அரைக்கிண்ண மாவில் ஒரே சீராகப் பரவிவிடும். பிறகு மொத்தத்தோடு சேர்க்கலாம். மருந்தாளுநர்கள் பொடி கலப்பதும் இப்படித்தான். நாட்டில் விற்கும் மேசை உப்பில் 1995 முதல் அயோடின் கட்டாயம். கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் போகும் அந்தச் சரக்கு ஒவ்வொரு கரண்டியிலும் இருக்கவேண்டும் என்றால் கலப்புதான் எல்லாம்.

கோயில் மடப்பள்ளியில் காவடிக்கோ கூழ் ஊற்றவோ நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும்போது இதெல்லாம் தலைகீழாகும். நான்கு பேர் பருப்புக்கு ஒரு ஸ்மிஜன் பெருங்காயத்தூள் என்றால் 400 பேருக்கு நூறு ஸ்மிஜன், அதாவது மூன்று டீஸ்பூன் சொச்சம், ஒரு மேசைக்கரண்டி. கணக்கு சரிதான். ஆனாலும் அண்டாவில் நீர் ஆவியாகும் விகிதம் வீட்டுச் சட்டியைவிடக் குறைவு, வாசனையும் உள்ளேயே நிற்கும். பெருங்காயம், கிராம்பு, மிளகாய் மூன்றையும் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் முதலில் போட்டுக் கொதித்த பிறகு பார்ப்பது நல்லது. எதிர்த்திசையில், நாலு பேர் குறிப்பை ஒருவருக்குக் குறைக்கும்போது ஸ்மிஜனில் கால்பங்கு கேட்டால் அளக்கவே முயலாதீர்கள். அந்தப் பொருளை விட்டுவிடுங்கள், அல்லது கரைசலாக்கி ஊற்றுங்கள்.

ஸ்மிஜனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு சொல் ‘ட்ரேஸ்’. சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டில் புரதம் ‘ட்ரேஸ்’ என்றால் பட்டையில் நிறம் மாறத் தொடங்கியிருக்கிறது, 1+ என்று எழுதும் அளவுக்கு இல்லை என்று பொருள். மழைமானியில் ‘ட்ரேஸ்’ என்றால் நனைந்தது, அளக்க இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் ‘வேர்க்கடலையின் ட்ரேஸ் இருக்கலாம்’ என்று போட்டிருந்தால், கடலை ஒவ்வாதவர்களுக்கு அது ‘கொஞ்சம்தானே’ அல்ல. தொடாதே என்றே படிக்கவேண்டும். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தில் இந்தச் சொற்கள் ஒன்றுமே வேண்டாம். வீட்டு டீஸ்பூன்கூட 5 மி.லி. இருக்கும் என்று உத்தரவாதமில்லை. குப்பியோடு வரும் சிரிஞ்சுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்மிஜன் கரண்டி வேண்டும் என்பவர்கள் கட்டை வாங்கி வந்ததும் சோதித்துவிடுங்கள். தண்ணீரால் அல்ல; அவ்வளவு சின்னக் குழியில் தண்ணீர் விளிம்புக்கு மேல் கும்மாச்சி கட்டி நின்று அளவைக் கூட்டிக் காட்டும். உலர்ந்த தூள் உப்பை மட்டமாக வழித்து வழித்து 5 மி.லி. கரண்டியில் போடுங்கள். 30 முதல் 34க்குள் நிரம்பினால் வைத்துக்கொள்ளலாம். 16இலேயே நிரம்பினால் அது பெயர் மாறிப் பொறித்த பிஞ்ச். சோடா டப்பாவுக்குள் போடாமல் உப்பு டப்பாவுக்குள் போட்டுவையுங்கள்.